'வீடற்றவன்' எழுப்பும் வினா

சி.வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார். 1981இல் நூலுருப் பெற்ற அந்நாவலைப் பற்றிப் பேசியோர் பலர். அதன் பெயரைப் பற்றி நின்று யோசித்தோர் சிலரே. யோசித்துப் பார்த்தால் அது ஒரு வினோதமான பெயர். நகரத்து நடைபாதையில் படுத்துறங்குபவனை வீடற்றவன் என்கிறோம். பாலத்தடியில் பாய் விரிப்பவனை அவ்வாறு அழைக்கிறோம். ஆனால் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கூரையில்லாதவன் எவனும் இல்லை. தோட்டம் பிறந்த நாளிலேயே லயமும் பிறந்துவிட்டது. வரிசையாகக் காம்பராக்கள், முன்னே இஸ்தோப்பு, மேலே தகரம். துரை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காம்பராவை அளந்து கொடுத்திருக்கிறான். அப்படியிருக்க, தோட்டத் தொழிலாளியை மையமாகக் கொண்ட கதைக்கு 'வீடற்றவன்' என்னும் பெயர் எவ்வாறு பொருந்தும்?

இவ்வினாவுக்கு நாவல் தரும் விடையையும், அந்த விடையை இன்றுவரை ஏற்க மறுத்துவரும் அரசாங்கங்களின் வீடமைப்பு முயற்சிகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே நமது நோக்கம். இலக்கிய விமர்சனம் இலக்கியத்தோடு நிற்க வேண்டும், காணி உறுதிகளையும் வர்த்தமானி அறிவித்தல்களையும் அது தொடலாகாது என்று கருதும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்நாவலைப் பொறுத்தவரை அவ்விரண்டையும் பிரித்தால் மிஞ்சுவது வெறும் கதைச்சுருக்கமே.

சி.வி. வெளியிலிருந்து வந்து அனுதாபப்பட்டவர் அல்லர். தோட்டத்தில் பிறந்தவர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர், அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் தம் வாக்காளர்கள் நாடற்றோராவதைக் கண்முன்னே கண்டவர். எனவே அவர் கதையில் சங்கம் அமைக்க முனையும் தொழிலாளி வேலையை இழக்கும்போது, அதனோடு வீட்டையும் இழப்பது கதைக்காகச் சேர்த்த சோகத் திருப்பமன்று. வேலையும் வீடும் தோட்டத்தில் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை. பெயர் பதிந்தவனுக்குக் காம்பரா உண்டு. பெயர் வெட்டப்பட்டவனுக்கு இல்லை. பத்துச்சீட்டுக் கொடுத்தாயிற்று என்றால், பிறந்த இடத்திலேயே அவன் அத்துமீறி நுழைந்தவன் ஆகிவிடுகிறான். தலைக்கு மேல் கூரை இருக்கும்போதே அவன் வீடற்றவனாக இருந்தான். பத்துச்சீட்டு அதை ஊரறியச் செய்தது, அவ்வளவே. இதுதான் நாவலின் விடை.

இதனைப் பிரசாரம் என்று ஒதுக்குவோர் உளர். சங்கத் தலைவர் எழுதிய நாவல், ஆகவே சங்கத்தின் குரல் என்பது அவர்கள் கணக்கு. சங்கத்தின் குரல் அதில் இருக்கிறது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் கூரைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, பல்லாண்டுக் காலம் ஆணைக்குழுக்களும் அமைச்சுக்களும் காண மறுத்த ஒன்றை, தமிழில் ஒரே சொல்லில் பிடித்துக்காட்டிய படைப்பை வேறு எங்கே காண்கிறோம்?

அந்தச் சொல்லுக்குப் பின்னால் சரித்திரம் இருக்கிறது. 1946இல் புலத்கொஹுபிட்டிய அருகே உருளவள்ளித் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்துக்கொண்டது. நிலமற்ற சிங்களக் குடியானவருக்கு நிலம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கையே. அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த நிலத்தைக் காடு வெட்டித் தோட்டமாக்கிய குடும்பங்களை வெளியேறச் சொன்னபோது, அவர்களும் நிலமற்றவர்கள்தாம் என்பது எவர் கண்ணிலும் படவில்லை. அவர்கள் மறுத்தார்கள், வழக்குத் தொடரப்பட்டது, தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. நிலமற்றோருக்கு அரச காணி வழங்க 1935இல் வந்த காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழும் தோட்டத் தொழிலாளி பயனாளியாக எண்ணப்படவில்லை. 1977 மே மாதம் 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானதும், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைத் துண்டாடி வழங்கும் திட்டத்தை எதிர்த்த போராட்டத்திலேயே. காணிக்காக உயிர்கொடுத்த அத்தோட்டத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலமும் இருந்ததில்லை.

இந்த நினைவுகளோடு, மாணவர் சிலரையும் அழைத்துக்கொண்டு, ஒரு தை மாதத்தில் நாம் நல்லதண்ணிக்குச் சென்றோம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் செல்லும் பாதை மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த நீருக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. மழை பொய்த்து நீர் வற்றும் காலங்களில் பழைய கோயிலின், விகாரையின், பள்ளிவாசலின் எச்சங்கள் வெளியே தலைகாட்டும். பார்ப்பதற்கு ஊர் ஊராக மக்கள் வருவார்கள். அணைக்காக ஒரு நகரத்தை மூழ்கடித்த அரசாங்கம் 1960களின் பிற்பகுதியில் மேட்டில் புதிய நகரம் ஒன்றை எழுப்பியது. மின்சாரம் வேண்டும் என்று நாடு தீர்மானித்தபோது கடைத்தெரு முழுவதையும் பெயர்த்து வைக்க முடிந்தது என்பதை வழிநெடுக நினைத்துக்கொண்டே சென்றோம்.

நல்லதண்ணி சிவனொளிபாத மலையின் வாசல். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைக் காலத்தில், இச்சிறிய ஊர் இரவு பகல் என்னும் பேதமின்றி விழித்திருக்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், அத்தனைக்கும் விளக்கு. கீழேயிருந்து இரவில் பார்த்தால் நட்சத்திரங்கள் வரிசை பிடித்து மலையேறுவதுபோல் தோன்றும். ஹட்டன் புகையிரத நிலையத்தில் வந்திறங்குவோருக்கென விசேஷ பஸ்கள், விசேஷப் பொலிஸ், மருத்துவ உதவி நிலையங்கள், தண்ணீர், மலசலகூடங்கள், குப்பை அகற்றும் ஆட்கள். பருவம் தொடங்கு முன்னர் மாவட்டச் செயலாளர் தலைமையில் கூட்டம் கூடுகிறது. மின்சார சபை, போக்குவரத்துச் சபை, பிரதேச சபை, சுகாதாரத் திணைக்களம், பொலிஸ், வனத்துறை ஆகிய யாவும் ஒரு மேசையில் அமர்ந்து எவருக்கு எது பொறுப்பு என்று பிரித்துக்கொள்கின்றன. பிறகு அது நடக்கிறது. குறை இல்லாமல் இல்லை, ஆனாலும் நடக்கிறது.

யாத்திரையை நாம் பழிக்கவில்லை. பௌத்தரும் சைவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் தம் தம் நம்பிக்கையோடு ஒரே படியில் கால்வைக்கும் மலை இந்நாட்டில் வேறு இல்லை. நாம் சொல்லவருவது வேறு. தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினை பற்றிப் பேச்செழும்போதெல்லாம், 'அரசாங்க நிறுவனங்களுக்கிடையே ஒருங்கிணைப்புப் போதாது' என்று ஒரு சமாதானம் கூறப்படுவதுண்டு. ஒருங்கிணைக்கத் தெரியாத அரசாங்கமா இது? ஒரு சில மாதங்களுக்கு வந்து போகும் மனிதருக்காக அத்தனை இலாகாக்களையும் ஒரு நூலில் கோக்கத் தெரிந்த நிர்வாகம், அதே மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவருக்காக அதைச் செய்யவில்லை என்றால், குறை திறமையில் இருக்க முடியாது.

ஊரை விட்டுச் சற்று மேலே, தேயிலைக்கு நடுவே ஒரு லயம். பீலிக்கரையில் குடம் வைத்துக் காத்திருந்த ஒரு முதியவள் மாணவரைக் கண்டதும் உள்ளே அழைத்துச் சாயத்தண்ணீர் கொடுத்தாள். ஒரு காம்பரா, அதைச் சேலை கட்டி இரண்டாக்கியிருந்தார்கள். இஸ்தோப்பின் ஒரு பகுதியைப் பலகை அடைத்துக் குசினி ஆக்கியிருந்தார்கள். இந்த வீடு யாருடையது என்று ஒரு மாணவன், பாவம், புத்தகத்துக் கேள்வியாகக் கேட்டுவைத்தான்.

"நம்ம வீடுதான் தம்பி," என்றாள் அவள் முதலில். பிறகு நம் பக்கம் திரும்பினாள். "நான் நாப்பது வருசம் கொழுந்து எடுத்தேங்க மாஸ்டர். இப்ப மருமக பேரு பதிஞ்சிருக்கு. மகன் கொழும்புல கடையில நிக்கிறான். மருமக மலைக்குப் போறவரைக்கும் இந்தக் காம்பரா நம்மளுது. அவ நின்னுட்டா தொரை என்ன சொல்லுவாரோ, யாருக்குத் தெரியும்?"

மருமகளுக்கு முதுகு வலி என்றும், ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள் என்றும், ஆனாலும் பெயரை நிறுத்த முடியாது என்றும் பின்னர் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மகனின் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. மருமகளின் சம்பளத்தில் நிற்பது காம்பரா. சி.வி.யின் நாவலில் ஆண் தொழிலாளி சங்கத்துக்காக வீட்டை இழந்தான். இங்கே ஒரு பெண் வீட்டுக்காகத் தன் முதுகை இழந்துகொண்டிருக்கிறாள். இதை எழுத இன்னொரு நாவல் வேண்டும்.

இந்தக் காம்பரா யாருடையது? மாணவனின் கேள்வி லேசானதன்று. விடை தேடிப் போனால் ஒரு நீண்ட படிக்கட்டில் ஏற வேண்டியிருக்கிறது. இதற்கு விளக்குப் போட்டவர் எவரும் இல்லை. 1972இல் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதற்கு 1975இல் வந்த திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. வெள்ளைத் துரை போனான். ஜனவசம என்று மக்கள் வாயில் வழங்கும் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வந்தன. லயம் அப்படியே இருந்தது. தேசியமயம் என்னும் சொல்லைக் கேட்டு மகிழ்ந்த நம் முற்போக்காளர் பலர், அதன் கீழ் தொழிலாளியின் காம்பரா யாருக்குச் சொந்தமாயிற்று என்று கேட்க மறந்தோம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குக் கைமாறியது. நிலம் அரசாங்கத்தினது, குத்தகை கம்பெனியினது, குத்தகைக் காலம் 2045வரை. லயம் நிற்பது அந்தக் குத்தகை நிலத்தில். ஆகவே வீட்டைப் பற்றிக் கேட்டால் அரசாங்கம் கம்பெனியைக் காட்டுகிறது. கம்பெனி அரசாங்கத்தைக் காட்டுகிறது.

இடையில் வந்தது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். தனியார்மயத்தோடு கூடவே பிறந்து, பின்னர் இப்பெயரைச் சூடிக்கொண்ட அந்த அமைப்பில் அரசாங்கம், கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் உண்டு. அது வீடுகள் கட்டியது. சும்மா சொல்லக் கூடாது, பல்லாயிரம் குடும்பங்கள் லயத்திலிருந்து வெளியே வந்தன. ஆனால் கட்டிய முறையைப் பாருங்கள். தொழிலாளி தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகக் கடன் பெற்றான். தன் கையால் கல் சுமந்தான். கடனைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டார்கள். கடன் தீர்ந்தது. உறுதிப்பத்திரமோ பெரும்பாலானோருக்கு வரவில்லை. கடனை வசூலிப்பதில் அவ்வளவு ஒழுங்காக ஒருங்கிணைந்த மூன்று தரப்பும், பத்திரம் எழுதும் வேளையில் மூன்று திசையில் பிரிந்து போய்விட்டன.

2015க்குப் பின்னர் காற்றுச் சற்று மாறியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், தனி வீடு, காணி உறுதி என்பது அரசாங்கக் கொள்கையாயிற்று. மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென ஒரு அமைச்சு வந்தது. இந்திய அரசாங்கம் அறிவித்த 50,000 வீடுகளில் மலைநாட்டுக்கு ஒதுக்கிய 4,000 வீடுகளின் வேலை தொடங்கியது. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகள் 2018 ஆகஸ்டில் கையளிக்கப்பட்டன. 550 சதுர அடி, இரண்டு அறை, குசினி, உள்ளேயே குளியலறை. லயத்தில் பிறந்தவன் அதற்குள் முதன்முதல் கால்வைத்தபோது என்ன உணர்ந்திருப்பான் என்பதை ஏளனம் செய்யும் உரிமை நகரத்து வீட்டில் உட்கார்ந்து எழுதும் நமக்கு இல்லை. 2018இலேயே புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. இந்தப் பிரிவைப் பற்றி ஆசிரிய நண்பர்கள் வகுப்பில் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வாழ்பவன் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், தோட்டத்தில் வாழ்பவனே சபைத் தலைவனாகவும் வரலாம், ஆனால் அச்சபை தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடச் செலவழிக்க முடியாது என்னும் நிலை 1987 முதல் அதனால் நீடித்தது. அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு மஸ்கெலியாவுக்கெனத் தனிச் சபை வந்ததும் இக்காலத்திலேயே.

சட்டம் வந்தது, சபை வந்தது, அமைச்சு வந்தது. ஆட்சி மாறும்தோறும் அமைச்சின் பெயரும் மாறிற்று. ஏழு பேர்ச் நிலம் ஒரு குடும்பத்தின் கைக்கு வருவதற்கு அக்குடும்பத்தின் கோப்பு நடக்க வேண்டிய வழியை எண்ணிப் பார்ப்போம். கம்பெனி நிலத்தை விடுவிக்க வேண்டும். நல்ல தேயிலை நிற்கும் நிலத்தை அது விடுவிக்க விரும்பாது, ஆகவே சரிவையோ தரிசையோ காட்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வந்து மண்சரிவு அபாயம் இல்லை என்று சான்று தர வேண்டும். சரிவைப் பார்த்துவிட்டு அது மறுக்கும், மறுப்பது அதன் கடமை. வேறு நிலம் காட்டினால் தோட்டத்தின் சட்டபூர்வ உரிமையைக் கையில் வைத்திருக்கும் சபையோ கூட்டுத்தாபனமோ சம்மதிக்க வேண்டும். நில அளவையாளர் வர வேண்டும். பிரதேச சபை கட்டிட அனுமதி தர வேண்டும். நிதியம் கட்ட வேண்டும். பாதை ஒரு இலாகா, தண்ணீர் இன்னொன்று, மின்சாரம் மற்றொன்று. உறுதி எழுதுவது பிறிதொன்று. இவற்றில் எதுவும் பொய்க் காரியமன்று. ஒவ்வோர் அலுவலகமும் தன் மேசையில் தன் கடமையைச் செய்கிறது. கோப்பு முழுவதற்கும் பொறுப்பாக ஒரு மனிதன் இல்லை. யாத்திரைப் பருவத்தில் ஒரு விளக்கு அணைந்தால் எவரைக் கேட்பது என்று நல்லதண்ணியில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு விண்ணப்பம் ஐந்து வருடமாக எங்கே கிடக்கிறது என்று கேட்க ஆள் கிடையாது.

இப்படிப்பட்ட சிதறலுக்கு உயிரால் விலை கொடுத்த இடம் மீரியபெத்த. பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு அபாயமானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தவர் எச்சரித்தார், கேட்டவர் கேட்டார், மாற்று நிலம் காட்டும் பொறுப்பு யாருக்கு என்பது மட்டும் முடிவாகவில்லை. சொந்த நிலமுள்ள கிராமத்தான் எச்சரிக்கையைக் கேட்டுத் தானே பெயர்ந்துவிடக் கூடும். லயத்தில் இருப்பவன் துரை காட்டும் இடத்துக்கன்றி எங்கே பெயர்வான்? உயிரிழப்புக்குப் பிறகு வீடுகள் எழுந்தன. வரிசை தலைகீழாகிவிட்டது, முதலில் பிணம், பிறகு வீடு. 2020 ஆகஸ்டில் கேரளத்து மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது உயிர்களைக் கொண்டுபோனபோது, அங்கும் மடிந்தோர் பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும்; அங்கும் அவர்கள் உறங்கியது கம்பெனியின் லயத்தில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கை மலைநாட்டின் சரிவுகளைப் பிளந்தபோதும் அதே கேள்வி மீண்டும் எழுந்தது: தோட்டத்தில் இருப்பவனுக்கு நிவாரண வீட்டுக்கான காணி எங்கே?

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அது நம் அணியிலிருந்தே வருவது. 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளில் எங்கெல்ஸ், தொழிலாளிக்குச் சிறு வீடும் துண்டு நிலமும் சொந்தமாக்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று கூறிய புரூதோன் வாதிகளைக் கடுமையாகச் சாடினார். சொந்த வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போடும்; முதலாளி கொடுக்கும் கூலிக்கு அவனைப் பணிய வைக்கும் என்பது அவர் வாதம். அவ்வாறிருக்க, ஏழு பேர்ச் காணிக்காக வாதாடுவது சிறுசொத்து மனப்பான்மை அன்றோ என்று இளந்தோழர்கள் கேட்கக் கூடும். உண்மையில் ஒரு மாணவர் பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டேவிட்டார்.

கேள்வி நல்லது. ஆனால் எங்கெல்ஸ் அதே கட்டுரைகளில் இன்னொன்றையும் காட்டியிருக்கிறார். ஆலை முதலாளியே வீட்டுக்காரனாகவும் இருக்கும் இடத்தில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி குடும்பத்தோடு தெருவுக்கு வருகிறான். வீடு முதலாளியின் கையில் ஆயுதமாகிறது. நமது மலைநாட்டின் நிலை இந்த இரண்டாவது நிலை. சொந்த வீடு கட்டிப்போடும் என்று அஞ்சுவது சுதந்திரமாக நடமாடும் தொழிலாளியைப் பற்றிய அச்சம். இங்கே சொந்த வீடு இல்லாமையே கட்டிப்போட்டிருக்கிறது. முதுகு வலியோடு கொழுந்துக் கூடையைத் தூக்கும் அந்த மருமகளைக் கேட்டால் சொல்வாள். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் கம்பெனிகள் 'நாங்கள் வீடு கொடுக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம்' என்று கணக்கெழுதுவதையும் மறக்க வேண்டாம். லயத்தின் தகரம் கூலியைக் குறைக்கும் வாதமாகிறது. நூறாண்டுக்கும் மேலாகப் பராமரிப்பின்றி ஒழுகும் ஒரு கூரைக்கு இவ்வளவு பொருளாதார மதிப்பு உண்டு என்பதைத் துரைமார் கணக்குப் புத்தகத்திலன்றி வேறெங்கும் காண முடியாது!

கடலுக்கு இப்பாலும் இது கட்டுக்கதையன்று. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1929 முதல் 99 ஆண்டுக் குத்தகை; முடிவு 2028. அந்தத் தொழிலாளரின் போராட்டத்துக்கு ஆதரவாக 1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில் சென்ற ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் தடியடிக்கு உள்ளாகி 17 பேர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தோட்டத்தில் 2024இல் கம்பெனி, விருப்ப ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யுமாறு தொழிலாளரைக் கேட்டுக்கொண்டது. நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள். வேலை முடிந்தது, ஆகவே ஊரும் முடிந்தது. 1964இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி மலைநாட்டை விட்டு வந்து நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கமர்ந்த தாயகம் திரும்பியோரும், ஓய்வு பெறும் நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டிய அதே ஏட்டில்தான் பெயர் பதிந்துகொண்டார்கள். கம்பெனித் தோட்டமோ சர்க்கார் தோட்டமோ, ஏடு மாறவில்லை. இலங்கையில் 2045இல் குத்தகை முடியும்போது லயத்திலிருப்போரின் கதி என்ன என்பதை மாஞ்சோலை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறது.

மீண்டும் இலக்கியத்துக்கு வருவோம். மலையக எழுத்து லயத்தை அறியாத எழுத்து அன்று. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்னும் சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்துறங்க நேர்ந்த தந்தையின் நாணத்தையும் அச்சத்தையும் எழுதியது. ஓர் அறையின் நீள அகலம் ஒரு மனிதனின் மானத்தை எவ்வாறு தின்கிறது என்பதை எந்த ஆணைக்குழு அறிக்கையும் அவ்வளவு நெருக்கமாகச் சொன்னதில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட மக்களின் ஏமாற்றத்தை எழுதியது. ஆயினும் இந்த எழுத்தில் பொதுவாக ஒரு குறையை நாம் காண்கிறோம். எதிரி துரையாக இருக்கிறான், கங்காணியாக இருக்கிறான், கணக்கப்பிள்ளையாக இருக்கிறான். அவனுக்கு முகம் உண்டு, மீசை உண்டு, பிரம்பு உண்டு. கோப்புக்கு முகம் இல்லை. பத்து மேசைகளில் மாறி மாறி உறங்கும் ஒரு விண்ணப்பத்தை, 'அடுத்த மாதம் வாருங்கள்' என்னும் மரியாதையான வாக்கியத்தை, திறப்பு விழாவில் கையில் கொடுத்துப் படம் பிடித்த பிறகு அது உறுதியா வெறும் கடிதமா என்று படித்துச் சொல்ல ஆளில்லாத அந்தக் காகிதத்தை நம் நாவலாசிரியர்கள் இன்னும் போதிய அளவு பாத்திரமாக்கவில்லை. சி.வி. தம் காலத்து எதிரியைச் சரியாக இனங்கண்டார். பத்துச்சீட்டு எழுதிய கை எதுவென அவருக்குத் தெரியும். இன்று பத்துச்சீட்டு எழுதப்படுவதே அரிது. எவரும் எதையும் எழுதாமல் இருப்பதே போதுமாகிவிட்டது.

ஆகவே அரசாங்கத்தின் ஒருங்கிணைப்பு என்னும் பேச்சு வரும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, எதை ஒருங்கிணைக்கப் போகிறீர்கள் என்பதையே. இன்னொரு சபை, இன்னொரு அதிகாரசபை, இன்னொரு மூத்தரப்புக் குழு என்றால், வீடற்ற நிலையே செம்மையாக ஒருங்கிணைக்கப்படும். லயமிருக்கும் நிலத்தையும் குடியிருப்புக்கு உகந்த நிலத்தையும் குத்தகையிலிருந்து சட்டத்தால் ஒரேயடியாகப் பிரித்தெடுத்தல். ஏற்கெனவே கடனடைத்துக் கட்டிய வீடுகளுக்கு வேறு எதுவும் கேளாமல் உறுதி எழுதுதல். தோட்டத்தில் பெயர் பதிந்தவரா என்று பாராமல் அங்கு வாழ்பவரா என்று மட்டும் பார்த்தல். உறுதியில் பெண்ணின் பெயரையும் எழுதுதல். மஸ்கெலியாவிலோ நோர்வூட்டிலோ ஒரு மேசை, ஒரு மனிதர், ஒரு கோப்பு என்று பொறுப்பை ஊன்றுதல். இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. உறுதி எழுதப்படாத இடத்தில் எத்தனை வீடு கட்டினாலும் அது புதிய லயமே; தனித்தனியாக நிற்கும் லயம். சங்கங்களையும் நாம் இதில் விட்டுவைக்க முடியாது. சந்தாப் பணம் சம்பளத்திலேயே பிடிக்கப்படும் வரையில் தொழிலாளி தோட்டத்து ஏட்டில் இருப்பது சில சங்கங்களுக்கும் வசதியாக இருக்கிறது; ஏட்டை விட்டு வெளியே வந்து காணிக்காரனாக நிற்கும் மனிதனிடம் எப்படிப் பேசுவது என்று அவர்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நல்லதண்ணியிலிருந்து புறப்படு முன்னர் அந்த முதியவளிடம் மாணவர்கள் எடுத்த புகைப்படத்தைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லி விலாசம் கேட்டோம். லயத்தின் இலக்கத்தைச் சொன்னாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். பிரிவின் பெயரைச் சொன்னாள். காம்பராவுக்கு நேரே வருமா என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

"அதெப்படிங்க வரும்? ஆபீசுக்குத்தான் வரும். கிளாக்கர் ஐயா பார்த்துக் குடுத்தாத்தான். நீங்க தொரை ஆபீஸ் பேரையே போட்டுருங்க மாஸ்டர், அதுதான் சரி."

அவ்வாறே எழுதிக்கொண்டோம். படம் அனுப்பி நான்கு மாதங்களாகின்றன.